மாமா என்னும் சொல்: ஒலியொப்புமையும் மொழியுறவும் – ஒரு நோக்கு

ஒரு மொழியின் சொல்லோடு பிறிதொரு மொழியின் சொல் ஒலியால் ஒத்திருக்கக் காணுமிடத்து, அவ்விரு மொழிகளுக்குமிடையே உறவு உண்டெனக் கொள்ளுதல் மனித மனத்தின் இயல்பு. தமிழ் பற்றிய எழுத்துக்களில் இவ்வியல்பு சற்று மிகுதியாகவே காணப்படுகிறது. கொரிய மக்கள் தந்தையை 'அப்பா' என அழைப்பர் என்ற செய்தி கிடைத்ததும், கொரிய மொழி தமிழின் வழிவந்தது என்ற முடிபுக்குப் பாய்ந்துவிடுவோர் உளர். ஆங்கிலத்துக் 'காஷ்' தமிழ்க் காசே என்பர் வேறு சிலர். இத்தகைய கூற்றுக்கள் மேடைகளிலே கைதட்டலைப் பெறுகின்றன. கட்டுரைகளிலும் சான்றுகளாக இடம்பெறுகின்றன. ஆயின் அவை எத்துணை வலுவுடையன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

இவ்வினாவினைப் பொதுப்படப் பேசுவதினும், ஒரு சொல்லினை எடுத்துக்கொண்டு அதன் வழியே ஆராய்வது பயனுடைத்து. அதற்கு மிகப் பொருத்தமான சொல் 'மாமா' என்பதாகும். தமிழர் வாழ்வில் இச்சொல் பெறும் இடம் பெரிது. அதே வேளை, தமிழோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மொழிகளிலும் இவ்வொலிவடிவம் பரந்து காணப்படுகின்றது. அவற்றில் அது தரும் பொருள்களோ ஒன்றுக்கொன்று முரணானவை.

ஓர் ஒலி, பல பொருள்

குறில் நெடில் வேறுபாட்டினை ஒருபுறம் வைத்து நோக்கின், 'மாமா' என்னும் வடிவம் உலக மொழிகளில் தரும் பொருள்களை ஒருவாறு பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

ஆங்கிலம், ருஷ்யம், சீனம், ஆபிரிக்காவின் சுவாகிலி, தென்னமெரிக்காவின் கெச்சுவா ஆகிய மொழிகளில் அது தாயைக் குறிக்கும். இவற்றுள் ஆங்கிலமும் ருஷ்யமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏனையவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. கவுகாசிய மலைப்புலத்தில் வழங்கும் யோர்ஜிய மொழியில் 'மாமா' என்பது தந்தை. தாய்க்கு அங்கு வழங்கும் சொல் 'தெதா'. தாய்மொழி என்பதை யோர்ஜியர் 'தெதா எனா' என்பர். அவுஸ்திரேலியாவின் மேற்குப் பாலைநிலத்துப் பழங்குடியினரது பிச்சன்ஜஜாரா முதலிய கிளைமொழிகளிலும் 'மாமா' தந்தையையே சுட்டும். இந்தி, வங்காளம் முதலிய வட இந்திய மொழிகளில் அது தாயின் உடன்பிறந்தானுக்குரிய பெயர். தமிழ், தெலுங்கு முதலிய திராவிட மொழிகளில் அவ்வாறு வழங்குவதோடு, மணமுறை பற்றி வரும் வேறு உறவுகளையும் அது தழுவி நிற்கும்.

இலங்கையிலே நிலைமை இன்னும் சுவையானது. சிங்களத்தில் நெட்டொலியோடு 'மாமா' என்றால் அம்மான். குற்றொலியோடு 'மம' என்றால் 'நான்'. பின்னையது இந்து-ஆரிய மொழிகளின் தன்மையிடப் பெயரடியோடு தொடர்புடையது. வடமொழியில் 'மம' என்பது 'எனது' எனப் பொருள்படும். அவ்வடமொழிச் சொல்லே தமிழில் மமகாரம், மமதை என்னும் வடிவங்களில் வழங்குகின்றது. எனவே, சைவ சித்தாந்த நூல் கற்கும் ஒருவர் 'மமகாரம்' என்ற சொல்லைப் படித்துவிட்டு 'மாமா வந்தார்' என்று கூறுவாராயின், ஒலியால் நெருங்கியனவும் பிறப்பால் முற்றிலும் வேறுபட்டனவுமான இரு சொற்களை அவர் தம் மொழிக்குள்ளேயே வழங்கியவராகிறார்.

ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகுமெனின், யோர்ஜியரும் அவுஸ்திரேலியப் பழங்குடியினரும் ஒரு குலத்தவராவர். சீனரும் கெச்சுவா மக்களும் மற்றொரு குலத்தவராவர். இம்முடிபினை எவரும் ஏற்கார். அவ்வாறாயின், இவ்வொப்புமைக்குக் காரணம் யாது?

மழலையும் மொழியும்

1959 ஆம் ஆண்டில் மானிடவியலாளர் யோர்ஜ் பீற்றர் மேடொக், உலகின் பல்வேறு மொழிகளிலிருந்து தாய் தந்தையரைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டி வெளியிட்டார். அவற்றுள் 531 சொற்கள் தாயைக் குறிப்பன. 541 சொற்கள் தந்தையைக் குறிப்பன. இத்தொகுப்பினை அடிப்படையாகக் கொண்டு மொழியியலாளர் றோமன் யாக்கொப்சன், மாமா, பாப்பா ஆகிய சொற்கள் எங்கும் காணப்படுவது ஏன் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையொன்றினை எழுதினார். அது 1960 இல் வெளியாயிற்று. தாயைக் குறிக்கும் சொற்களில் 55 வீதமானவை மூக்கொலி கொண்டவை. தந்தையைக் குறிப்பனவற்றில் அத்தகையவை 15 வீதமே என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இது தற்செயலால் நேரக்கூடிய வேறுபாடன்று.

யாக்கொப்சன் தரும் விளக்கம் எளிமையானது. குழந்தை பாலுண்ணும்போது அதன் வாய் அடைபட்டிருக்கின்றது. அந்நிலையில் மூக்கின் வழியாகவே ஒலி எழுப்ப இயலும். உண்ணும்போது எழுந்த அவ்வொலி, பின்னர் உணவைக் காணும்போதும், அதன்பின் உணவை வேண்டும்போதும் எழுகின்றது. உணவு தருபவளும் வேண்டியதை நிறைவேற்றுபவளும் தாயே ஆதலின், அவ்வொலி அவளைச் சார்கின்றது. குழந்தை எளிதில் எழுப்பவல்ல மெய்கள் இதழொலிகள். எளிதில் எழுப்பவல்ல உயிர் அங்காத்தலால் பிறக்கும் அகரம். இரண்டும் இணைந்து இரட்டிக்குமிடத்து 'மம', 'பப' என்பன தாமாகவே அமைகின்றன. தமிழ்க் குழந்தை வழக்கில் சோற்றுக்கு 'மம்மம்' என்ற பெயர் உண்டு. யப்பானியக் குழந்தை வழக்கில் உணவு 'மம்மா' எனப்படுகின்றது. யாக்கொப்சன் கூறும் இடைநிலை, அதாவது தாய்க்கு முன் உணவைக் குறிக்கும் நிலை, இவ்விரு வழக்குகளிலும் தெளிவாக நிற்கின்றது.

ஆயினும் இவ்விளக்கம் ஒரு பாதி உண்மையையே தருகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. யோர்ஜியக் குழந்தையும் தாயிடமே பாலுண்கின்றது. எனினும் அங்கு 'மாமா' தந்தையாயிற்று. பண்டை யப்பானிய மொழியில் தாயைக் குறித்த சொல் 'பபா' என்பதாகும். எனவே ஒலியினைக் குழந்தை தருகின்றது. அதற்குரிய பொருளைத் தருவது குழந்தையைச் சூழ நிற்கும் பெரியோர், அஃதாவது சமூகம். குழந்தை எழுப்பும் பொருளற்ற ஒலியினைக் கேட்டு, 'என்னையே அழைக்கிறது' என மகிழ்பவர் யார் என்பதற்கேற்பச் சொல் அமைகின்றது. யாக்கொப்சனும் மழலைச் சொற்களைக் குழந்தையும் பெரியோரும் சேர்ந்து ஆக்கிய சொற்களாகவே கருதினார். இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் பயன்படும்.

அப்பா, அம்மா, அத்தன் முதலியனவும் இவ்வகையின. தமிழில் அத்தன் என்பது தந்தை. தேவார ஆசிரியர் இறைவனை 'அத்தா' என விளிப்பர். துருக்கி மொழியில் 'அத்தா' முன்னோனையும் தந்தையையும் குறிக்கும். நான்காம் நூற்றாண்டில் உல்பிலா மொழிபெயர்த்த கோதிக் விவிலியத்திலும் தந்தைக்கு 'அத்தா' என்ற சொல்லே வழங்குகின்றது. ஹிற்றைற்று மொழியில் 'அத்தஸ்'. பாஸ்கு மொழியில் 'அயித்தா'. இவ்வைந்து மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. இவ்வளவு பரந்து காணப்படும் சொல் எந்தவொரு தனி மொழியின் உடைமையும் ஆகாது.

விதிக்கு உட்படும் சொல்லும் உட்படாத சொல்லும்

மழலைச் சொல் ஒன்றினைப் பரம்பரைச் சொல்லிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? ஒப்பியல் மொழியியல் தரும் விடை, ஒலிமாற்ற விதி என்பதாகும். ஒரு மொழியிலே காலப்போக்கில் ஓர் ஒலி மாறுமாயின், ஒத்த சூழலில் அஃது எல்லாச் சொற்களிலும் மாறும். தமிழில் மொழிமுதற் பகரம் பெற்ற சொற்கள் கன்னடத்தில் ஹகரம் பெறுகின்றன: பால் 'ஹாலு' ஆகும், பல் 'ஹல்லு' ஆகும், புலி 'ஹுலி' ஆகும், பாம்பு 'ஹாவு' ஆகும். அதேபோல் முன்னுயிருக்கு முன்வரும் கன்னடக் ககரம் தமிழிற் சகரமாக நிற்கின்றது. கன்னடத்தார் 'கிவி' என்பதைத் தமிழர் செவி என்பர். தமிழும் கன்னடமும் ஒரு குடும்பத்தின எனக் கொள்வதற்கு இவ்வொழுங்கே சான்று. சொற்கள் ஒத்திருப்பது சான்றன்று. அவை ஒழுங்காக வேறுபடுவதே சான்று. இது முதற்கண் முரண்போலத் தோன்றினும், மொழியுறவு ஆய்வின் உயிர்நிலை இதுவேயாகும்.

இவ்வளவுகோலால் மழலைச் சொற்களை அளந்தால் உண்மை புலனாகும். இந்து-ஐரோப்பிய மூலமொழியின் மொழிமுதற் பகரம் ஆங்கிலத்தில் உரசொலியாக மாறியது. இலத்தீனில் 'பாத்தர்' என நிற்கும் சொல் ஆங்கிலத்தில் 'ஃபாதர்' எனத் திரிந்தமை இதனாலேயே. ஆனால் ஆங்கிலத்தில் வழங்கும் 'பப்பா' இத்திரிபினைப் பெறவில்லை. அது பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து புகுந்த சொல். எனவே அது தொன்றுதொட்டு வந்த பரம்பரைச் சொல்லன்று என்பது தெளிவு.

இதற்கு மாறாக யப்பானியத் தாய்ப்பெயரை நோக்குக. பண்டைய 'பபா', அம்மொழியிற் பகரம் மெலிந்தபோது தானும் மெலிந்து, 'ஃபஃபா' என நின்று, இன்று 'ஹஹா' என வழங்குகின்றது. 1516 ஆம் ஆண்டைச் சேர்ந்த யப்பானிய விடுகதைத் தொகுதியொன்றில், தாயிடம் இருமுறை கூடுவதும் தந்தையிடம் ஒருமுறையேனும் கூடாததும் எது என வினவப்படுகின்றது. விடை, இதழ்கள் என்பதாம். இன்றைய 'ஹஹா' என்பதை ஒலிக்க இதழ்கள் கூடுவதில்லை. ஆதலின் அக்காலத்தில் அச்சொல் இதழொலி கொண்டிருந்தது என்பதை அவ்விடுகதை காட்டிநிற்கின்றது. மழலையிற் பிறந்த சொல்லும் மொழியில் நிலைபெற்றுவிட்டால் விதிக்கு உட்படும் என்பதற்கு இஃதோர் அழகிய எடுத்துக்காட்டு. அவ்வாறு உட்பட்டு உருமாறியபின், பிற்கால யப்பானியர் 'மாமா', 'பாப்பா' என்பனவற்றை ஆங்கிலத்திலிருந்து புதிதாகக் கடன்கொண்டனர்.

தமிழிலும் இத்தகைய வேறுபாட்டினைக் காணலாம். அம்மா, அப்பா என்பன மழலையோடு நெருங்கி நிற்பன. ஆனால் எந்தை, நுந்தை, தந்தை எனவும் யாய், ஞாய், தாய் எனவும் பண்டைத் தமிழில் வழங்கிய முறைப்பெயர்கள் அத்தகையனவல்ல. என் தந்தை, உன் தந்தை, அவன் தந்தை எனத் தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாட்டினைத் தம்முள்ளேயே கொண்டவை அவை. நுந்தை என்ற முறைப்பெயரின் முதலில் நிற்கும் உகரத்தைத் தொல்காப்பியர் குற்றியலுகரமாகத் தனித்தெடுத்து ஓதுவர். தந்தை, தாய் என்பனவற்றோடு இனமான சொற்கள் கன்னடம் முதலிய மொழிகளிலும் உள்ளன. இலக்கணக் கட்டமைப்போடு பிணைந்து நிற்கும் இத்தகைய வடிவங்கள் இரு மொழிகளில் தனித்தனியே தற்செயலாகத் தோன்றுதல் அரிது. தமிழின் உறவினைத் தேடுபவருக்கு 'அம்மா' தரும் சான்றினும் 'ஞாய்' தரும் சான்று பன்மடங்கு வலியது. எனினும் மேடைகளில் முன்னையதே பேசப்படுகின்றது. பின்னையது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

தற்செயலும் கடனும்

மழலை தவிர, ஒலியொப்புமைக்கு வேறு இரு காரணங்களும் உள. ஒன்று தற்செயல். ஒரு மொழியில் 15 மெய்களும் 5 உயிர்களும் உள்ளனவெனக் கொள்வோம். அவற்றால் ஆகும் உயிர்மெய்கள் 75. அவற்றை இரண்டிரண்டாக அடுக்கின் அமையக்கூடிய வடிவங்கள் 5,625 மட்டுமே. ஒவ்வொரு மொழியும் பல்லாயிரம் சொற்களை உடையது. ஆகவே எந்த இரு மொழிகளை ஒப்பிட்டாலும் ஒலியால் ஒத்த சொற்கள் பல அகப்படுதல் தவிர்க்க இயலாதது. 'மாமா' போன்று ஒரே உயிர்மெய் இரட்டிக்கும் வடிவங்களோ 75 மாத்திரமே. அங்கு ஒப்புமை நேராதிருப்பதே வியப்பாகும்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுக்கள் உள்ளன. அவுஸ்திரேலியப் பழங்குடி மொழிகளுள் ஒன்றான ம்பபாரத்தில் நாயைக் குறிக்கும் சொல் 'டொக்' என்பதாகும். அது ஆங்கிலச் சொல்லன்று. அயல்மொழியாகிய யிடின்யில் 'குடக' என நிற்கும் சொல், முதலசையை இழந்து அவ்வாறு குறுகியதென மொழியியலாளர் டிக்சன் விளக்கினார். பாரசீகத்திலும் தீயதைக் குறிக்கும் சொல் 'பட்', ஆங்கிலத்திலும் அவ்வாறே. இவ்விரு மொழிகளும் ஒரே குடும்பத்தின. இருந்தும் அச்சொற்களுக்கிடையே உறவு இல்லை. மறுபுறம், ஆர்மீனிய மொழியில் இரண்டைக் குறிக்கும் 'எர்க்கு' என்பதும் இலத்தீன் 'துவோ' என்பதும் ஓரெழுத்தேனும் ஒவ்வாதன. ஆயின் ஒலிவிதிகளின்படி அவை ஒரே மூலத்தின என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மெய்யே நிறுவினார். ஒத்தவை உறவின்றியும், ஒவ்வாதவை உறவோடும் இருத்தல் கூடும் என்பது இவற்றாற் பெறப்படும்.

மற்றையது கடன்கோடல். இங்கு தொடக்கத்திற் சுட்டிய 'காஷ்' என்னும் சொல் நோக்கற்பாலது. ஆங்கிலத்தில் இவ்வடிவத்தில் இரு சொற்கள் உள. கைப்பணத்தைக் குறிப்பது, பெட்டி எனப் பொருள்படும் இலத்தீன் 'கப்சா' என்பதிலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வாயிலாக வந்தது. கீழைத் தேயங்களின் சிறு நாணயத்தைக் குறிப்பது, தமிழ்க் 'காசு' போர்த்துக்கேயர் வாயிலாகச் சென்று வழங்கியது. ஆங்கிலக் 'காஷ்' தமிழ்ச் சொல்லே என்பவர் பாதி உண்மை கூறுகின்றார். ஆயின் அப்பாதி உண்மையை முழுமையாக்கும்போது பிழை செய்கின்றார். கடனென்று கொள்வதற்கு ஒலி மட்டும் போதாது. கொடுத்தவர், கொண்டவர், இடைநின்றவர், காலம், பொருள் ஆகிய யாவும் வேண்டும். இலங்கை முஸ்லிம்கள் தாயை 'உம்மா' என அழைப்பது தாயைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு இணைத்துக் காணப்படுவதும் பண்பாட்டு வரலாறு பற்றியேயன்றி, ஒலி பற்றி மாத்திரம் அன்று. ஒலியளவில் நோக்கின் அது 'அம்மா'வுக்கும் அண்மையதே.

நம்மவர் முயற்சிகள்

ஒப்பியல் நோக்குத் தமிழாய்வுக்கு அந்நியமானதன்று. 1816 இல் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பத்தின என்பதை எடுத்துக்காட்டினார். 1856 இல் கால்டுவெல் அதனை விரிவாக நிறுவினார். ஈழத்திலே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) பன்மொழிப் புலமையோடு சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியினை 1938 தொடக்கம் பகுதி பகுதியாக வெளியிட்டார். தமிழ்ச் சொற்களைச் சில அடிப்படை வேர்களிலிருந்து வருவித்து, அவ்வேர்களை இந்து-ஐரோப்பிய மொழிகளிலும் காண அவர் முயன்றார். ஒரு தனிமனிதரின் உழைப்பு என்ற வகையில் அம்முயற்சி வியக்கத்தக்கது. தமிழ்ச் சொற்களைத் தம்முள் ஒப்பிட்டுக் குடும்பங்களாக வகுத்த அளவில் அது இன்றும் பயன் தருவது. ஆயின் பிற குடும்பத்து மொழிகளோடு ஒப்பிடுமிடத்து, ஒலிவிதிகளின் கட்டுப்பாடு தளர்ந்து, பொருட்சாயலும் ஒலிச்சாயலும் வழிநடத்தத் தொடங்குகின்றன. வேர் எவ்வளவு சிறிதாகின்றதோ அவ்வளவிற்கு எதனையும் எதனோடும் இணைத்தல் எளிதாகும். ஓரெழுத்து வேரினால் உலகம் முழுவதையும் விளக்கலாம். எல்லாவற்றையும் விளக்கவல்லது எதனையும் நிறுவுவதில்லை.

ஹோமர் ஹல்பேட் 1905 இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலொன்று எழுதினார். யப்பானிய அறிஞர் சுசுமு ஒனோ (1919–2008) யப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவுண்டெனக் கூறி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோருடன் இணைந்து ஆய்வு செய்தார். ஒனோவின் முடிபினை மொழியியலாளர் பெரும்பாலார் ஏற்கவில்லை. எனினும் இங்கு ஒரு நியாயம் சொல்லப்படல் வேண்டும். அவர் இரண்டொரு சொற்களைக் காட்டிக் கைதட்டல் தேடவில்லை. ஒலியியைபுகளை வரிசைப்படுத்தி, பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய வகையிலே தம் கருதுகோளினை முன்வைத்தார். மறுக்கத்தக்க வடிவில் ஒன்றைக் கூறுதல் ஆய்வின் பண்பு. 'அப்பா' கொரியத்தில் உண்டு, ஆதலின் கொரியம் தமிழ் என்பவர் மறுக்கத்தக்க எதனையும் கூறுவதில்லை. கொரியத்தில் தந்தைக்குரிய முறைசார்ந்த பெயர் 'அபொஜி', தாய்க்குரியது 'ஒமொனி' என்பதைக்கூட அவர் பொருட்படுத்துவதில்லை.

இவ்வாறு கூறுதல் தமிழின் தொன்மையைக் குறைப்பதாகும் எனச் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டுவதில்லை. தமிழின் தொன்மைக்குத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கள் உள, தொல்காப்பியம் உளது, சங்கச் செய்யுள்கள் உள. கல்வெட்டுச் சான்றுகளை ஐராவதம் மகாதேவன் 2003 இல் வெளியிட்ட பெருநூல் ஒழுங்குபடத் தொகுத்துத் தந்துள்ளது. இத்தகைய உறுதியான தூண்கள்மேல் நிற்கும் மாளிகைக்கு மழலைச் சொற்களால் முட்டுக்கொடுப்பது மாளிகையின் வலிமையில் ஐயங்கொண்டோர் செய்யும் செயலாகும்.

சிங்கள 'மாமா' உணர்த்துவது

இதுகாறும் கூறியவற்றால் 'மாமா' என்னும் சொல் எதனையும் உணர்த்தாது என்ற முடிபு பெறப்படுமோ? அன்று. ஒலியினை விடுத்துப் பொருளின் எல்லையை நோக்குமிடத்து, அச்சொல் பேசத் தொடங்குகின்றது.

தமிழில் மாமா எனப்படுபவர் தாயின் உடன்பிறந்தார். தந்தையின் உடன்பிறந்தாளை மணந்தவர். மணமகனுக்கோ மணமகளுக்கோ மற்றவரின் தந்தை. இம்மூவரும் ஒரே பெயர் பெறுவது தற்செயலன்று. தாய்மாமன் மக்களையும் அத்தை மக்களையும் மணத்தற்கு உரியோராகக் கொள்ளும் மணமுறையில், அம்மூவரும் ஒருவராகவே அமைதல் கூடும். யாழ்ப்பாண வழக்கிலே தந்தையின் உடன்பிறந்தாளும், மாமன் மனைவியும், மணத்துணையின் தாயும் 'மாமி' என்ற ஒரே பெயராற் சுட்டப்படுவதும் இதனாலேயே. தோமஸ் திரவுட்மன் 1981 இல் வெளியிட்ட நூலிலே திராவிட உறவுமுறை என விரித்துரைத்தது இவ்வமைப்பினையேயாகும்.

இந்தியில் 'மாமா' தாயின் உடன்பிறந்தான் மாத்திரமே. தந்தையின் உடன்பிறந்தாள் கணவன் 'பூபா'. மணத்துணையின் தந்தை 'சசுர்'. மூவர்க்கும் மூன்று பெயர்கள். இனிச் சிங்களத்தை நோக்குக. சிங்களம் இந்தியைப் போன்று இந்து-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயின் சிங்கள 'மாமா' தாயின் உடன்பிறந்தானையும், தந்தையின் உடன்பிறந்தாள் கணவனையும், மணத்துணையின் தந்தையையும் ஒருங்கே குறிக்கின்றது. அஃதாவது, மொழிக்குடும்பத்தால் இந்தியோடு நிற்கும் சிங்களம், உறவுமுறையாலே தமிழோடு நிற்கின்றது. இலங்கையின் சிங்கள ஊர்களையும் கிழக்கிலங்கைத் தமிழ், முஸ்லிம் ஊர்களையும் ஆராய்ந்த மானிடவியலாளர் நூர் யல்மன், 1967 இல் வெளிவந்த தம் நூலில் இவ்வமைப்பு அச்சமூகங்களுக்குப் பொதுவாயிருப்பதனை எடுத்துக்காட்டினார்.

ஒலியைக் குழந்தை தருகின்றது, பொருளைச் சமூகம் தருகின்றது என மேலே கூறப்பட்டது. இரு மொழிகளில் ஒலி ஒத்திருப்பது குழந்தைகள் எங்கும் குழந்தைகளே என்பதை மட்டும் காட்டும். பொருளின் எல்லை இத்துணை நுட்பமாக ஒத்திருப்பதோ, அம்மொழிகளைப் பேசுவோரின் குடும்ப வாழ்வு ஒரே அச்சில் வார்க்கப்பட்டதைக் காட்டும். 'மாமா' என்ற சொல்லைச் சிங்களவர் தமிழரிடம் பெற்றனரா, வடபுலத்திலிருந்து கொணர்ந்தனரா என்ற வினாவுக்கு அச்சொல்லின் ஒலி விடை தரமாட்டாது. அது மழலைச் சொல்லாதலின் இரு வழக்கிலும் இயல்பாக நிற்கவல்லது. அவ்வினாவை ஆயுதமாகக் கொண்டு யார் முன்வந்தோர், யார் பின்வந்தோர் என வாதிடுவோர் இரு பக்கத்திலும் உளர். அவர்கள் பற்றிநிற்பது சொல்லின் தோலை மட்டுமே. யாரை மாமா என அழைப்பது, யார் மகளை மணப்பது, யார் வீட்டில் எவருக்கு என்ன உரிமை என்பனவற்றில் இரு மக்களும் ஒருவரையொருவர் ஒத்திருக்கின்றனர் என்பதே இங்கு உறுதியாகக் கூறத்தக்கது. அயலயலே நெடுங்காலம் வாழ்ந்த மக்களிடையேதான் இத்தகைய ஒப்புமை நிலைபெறும்.

முடிவாக நோக்குமிடத்து, ஒலியொப்புமை என்பது ஆய்வின் தொடக்கமேயன்றி முடிபன்று. ஒத்த சொல் ஒன்று எதிர்ப்படுமிடத்து, அது மழலையோ, தற்செயலோ, கடனோ, பரம்பரையோ என நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். முதல் மூன்றும் விலக்கப்பட்ட பின்னரே நான்காவது பேசப்படல் தகும். இவ்வொழுங்கு கடுமையானது; பல இனிய முடிபுகளை இழக்கச் செய்வது. ஆயினும் அதனைக் கைக்கொள்வதால் கிடைப்பவை குறைந்தனவல்ல. கொரியத்து 'அப்பா'வை இழப்பவர் சங்கத் தமிழின் 'ஞாய்' என்பதன் அருமையை அறிகின்றார். உலகெங்கும் பரந்த 'மாமா'வை இழப்பவர் அயலூரில் வழங்கும் 'மாமா'வின் பொருளை உணர்கின்றார். தொலைவிலுள்ளோரிடம் இல்லாத உறவினைத் தேடிச் செல்லும் தமிழ்ச் சொல்லாய்வு, அண்மையிலுள்ளோரிடம் உள்ள உறவினைக் காணத் தொடங்குதல் அதற்கு ஆக்கந் தரும்.